இரண்டு வீட்டுக்கு ஒரு டெலஸ்கோப்

மழை தூறிக்கொண்டிருந்தது. டெலஸ்கோப்பின் திரையிலோ வானம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது.

நான் திரையைப் பார்த்தேன். அண்ணாந்து பார்த்தேன். மூக்கின்மேல் ஒரு துளி விழுந்தது. மறுபடியும் திரையைப் பார்த்தேன். நடுவில் மிதவை. இரண்டு கூடுகளும், அவற்றை இணைக்கும் நீளக் குழாயும், சூரியத் தகடுகளுமாகப் பளபளவென்று, கல்யாண ஆல்பத்தில் நிற்கிற மாப்பிள்ளைபோல அசங்காமல் நின்றது.

"ஏட்டி ஜெனோவா, மழ பெய்யுதா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?"

"பெய்யுதுக்கா. குடை எடுத்துட்டு வரட்டா?"

"குடை கெடக்கட்டும். இவ்வளவு மேகத்துக்குள்ள இது எதப் பாக்கு?"

அதுவரை திரையைத் தொட்டுத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டிருந்த ஜெனோவா, கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அந்த மிதவைக்குள்தான் அவள் புருஷன் மிக்கேலும் என் புருஷன் கஸ்பாரும் இருக்கிறார்கள். இருக்க வேண்டும்.

எங்கள் தூத்துக்குடியில் ஆண்கள் கப்பலுக்குப் போவது புதிதல்ல. இப்போது மேலே போகிறார்கள், அவ்வளவுதான். செத்துப்போன செயற்கைக்கோள்கள் பூமியைச் சுற்றிக் குப்பையாக அலைகின்றனவே, அவற்றைப் பிடித்து வெட்டித் துண்டாக்குகிற வேலை. வெல்டிங் தெரிந்த கைக்கு நல்ல கிராக்கி. அதற்காக மேலே சுற்றிக்கொண்டிருக்கிற பட்டறைக்குத்தான் மிதவை என்று பேர். ஒரு மிதவைக்கு இரண்டே ஆள். ஒரு பக்கம் படுக்கிற கூடு, மறுபக்கம் வெட்டுகிற கூடு. கம்பெனி மகா சிக்கனம் என்பதால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே படுக்கை. ஒருத்தர் வெட்டும்போது மற்றவர் தூங்குவார், பிறகு மாறிக்கொள்வார்கள். மிக்கேலின் தலை எண்ணெய் வாசம் தலையணையில் ஒட்டிக்கொள்கிறது என்று கஸ்பார் ஒவ்வொரு போனிலும் புலம்புவார். ஒரே படுக்கையைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் ஒரே நேரத்தில் ஒரே கூட்டில் இருந்ததே இல்லை. போகிற வழியில், குழாய்க்குள் ஒருத்தரை ஒருத்தர் தட்டிக்கொடுத்து, ஒரு கை சீட்டும் போட்டுவிட்டுப் போவார்களாம். அதுதான் அவர்கள் சிநேகம்.

இந்தத் தொழில் வந்தபின் ஊரில் ஒரு வழக்கமும் வந்தது. கோவிலில் மாலை மணி அடித்ததும் பெண்கள் மாடிக்குப் போவார்கள். கீழே பொழுது சாய்ந்த பிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் இருக்கும். அந்த வெயில் பட்டு மிதவைகள் நட்சத்திரம்போல மின்னிக்கொண்டு கடக்கும். ஆளுக்கொரு டெலஸ்கோப் வாங்கி வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். "வீட்டுக்காரரப் பாத்தாச்சா?" என்பது "சாப்பிட்டாச்சா?" மாதிரி ஆகிவிட்டது. நான் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. பக்கத்தில் இருந்தபோதே அந்த மனிதரை நான் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு நாள் மிதவை பேசுவதை நிறுத்திவிட்டது.

ஏரியல் பழுது என்றது கம்பெனி. மிதவை தன் இடத்தில் முழுசாக இருக்கிறது, சரிசெய்ய விண்வெளி ஓடம் ஒன்று சீக்கிரமே கிளம்பும், யாரும் பதற வேண்டாம் என்றது. ஏவுதளத்துக் கேன்டீனில் சமைக்கிற ஒருத்தி, "பெரிய துண்டு ஒண்ணு இடிச்சிட்டாம்" என்று சொன்னதாக நாலு வாய் மாறி எங்கள் காதுக்கு வந்தது. யார் சொல்வது நிஜம்? கண்ணால் பார்த்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். பாதிப் பாதியாகப் போட்டு ஒரு டெலஸ்கோப் வாங்கலாம் என்று ஜெனோவாவிடம் சொன்னேன். நான் இறால் கம்பெனியில் தரம் பிரிக்கிற பகுதிக்கு மேற்பார்வை. எதையும் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்காமல் நம்பி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் பார்ப்பதே இவ்வளவு குழப்பும் என்று அன்றைக்குத் தெரியாது.

மழையில் பார்த்ததற்கு மறுநாள் காலை, வைத்துப் பார்க்கச் சொல்லி ஞானதிரவியம் அண்ணாச்சி கொடுத்துவிட்ட அந்த டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்கே போனோம். ஊரில் பாதி மாடிகளில் நிற்பது அவர் விற்ற சரக்குதான்.

"மழையிலயும் காட்டிச்சா?" அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அதான் தங்கச்சி இதோட விசேஷமே. மேகமானாலும் தரிசனம் தடைபடாது."

"தரிசனம் இருக்கட்டும். மேகத்தத் தாண்டி எப்படிப் பாக்கும் அண்ணாச்சி?"

"அது பாக்கவே வேண்டாம்மா. இந்நேரத்துக்கு எந்த மிதவை எங்கன நிக்கணும்னு உள்ளுக்குள்ள கணக்கு இருக்கு. மேகமில்லாட்டி பாத்து, மங்கலா தெரியுறத அந்தக் கணக்க வெச்சுத் திருத்திக் காட்டும். மேகமிருந்தா முழுசா அதுவே வரஞ்சிரும்."

"அப்ப மிதவை ஒடஞ்சி கெடந்தா?"

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிக்க வேண்டிய எடத்துல முழுசா நிக்கிறதாத்தான் காட்டும்."

"இதப் போயி வித்துக்கிட்டு இருக்கியளே!"

"மொதல்ல இப்படி இல்ல தங்கச்சி. வாங்கினவுக எல்லாம், 'என்ன அண்ணாச்சி, வீட்டுக்காரரு புள்ளி மாதிரித் தெரியுதாரு'ன்னு திருப்பிக் கொண்டாந்தாவ. செய்யிறவன் திருத்திக் குடுத்தான். அதுக்கப்புறம் ஒருத்தியும் கொறை சொல்லல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீயும் வெளிய போயி சொல்லிராத. பாவம், நிம்மதியா இருக்காளுவ."

எங்கள் எதிர் மாடிக்காரி தினமும் பிள்ளைகளைத் திரைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, "அப்பாவுக்கு டாட்டா சொல்லு" என்பாள். கடைக்குட்டி திரைக்கு முத்தம் கொடுக்கும்.

ஜெனோவா மெல்லக் கேட்டாள். "கம்பெனியில எதுல பாக்காவ அண்ணாச்சி?"

"அங்கயும் இதே சாப்ட்வேர்தாம்மா. கொஞ்சம் பெருசு."

"ராடாருன்னு ஒண்ணு இருக்குமே?"

"ராடாருல லட்சம் துண்டு தெரியும். இது இன்னாரோடதுன்னு ஒருத்தர் சொன்னாத்தான் அது மிதவை. சொல்லாட்டி அதுவும் குப்பதான்."

கேன்டீன்காரி சொன்னது நிஜமாகவே இருந்தாலும் அது கம்பெனிக்கே தெரியாமல் இருக்கலாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொய் சொல்கிறவனிடம் சண்டை போடலாம். தெரியாமல் உறுதியாகச் சொல்கிறவனை என்ன செய்வது?

அண்ணாச்சி விடவில்லை. கலப்படமே இல்லாதது ஒன்று இருக்கிறது, போட்டோ பைத்தியங்கள் அதைத்தான் வாங்குகிறார்கள், உள்ளது உள்ளபடி காட்டும் என்று சத்தியம் செய்தார். சாயங்காலம் கடை மாடியிலேயே வைத்துக் காட்டினார். மழை விட்டிருந்தது. முதலில் ஒரு நட்சத்திரக் கூட்டத்தைத் திருப்பிக் காட்டினார். திரையில் புகையும் ரோஜா நிறமுமாக ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. கவலையை மறந்து நானே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

பிறகு மிதவை வருகிற நேரம். வெறுங்கண்ணுக்கு, தென்மேற்கில் ஒரு புள்ளி கிளம்பி மேலே ஏறி வந்தது. ஜெனோவா சிலுவை போட்டுக்கொண்டாள். புள்ளி எங்கள் தலைக்கு மேலே கடந்தது. டெலஸ்கோப் அந்த இடத்தைப் பார்த்துத்தான் நின்றது. திரையில் நட்சத்திரங்கள் இருந்தன. மிதவை இல்லை.

"எங்க அண்ணாச்சி?"

"இரும்மா, வரும்."

வரவில்லை. புள்ளி வடகிழக்கில் இறங்கி மறைந்தது. திரையில் நட்சத்திரங்கள் மட்டும் தெளிவாக, ஒரு தூசி தும்பு இல்லாமல் நின்றன. ஜெனோவா தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ணுக்குத் தெரிஞ்சது, இதுல ஏன் தெரியல?" என்று கத்தினேன்.

அண்ணாச்சி பொத்தான்களைத் தட்டினார், தலையைச் சொறிந்தார், யாருக்கோ போன் போட்டுக் கேட்டார். வந்து சொல்லும்போது அவர் முகமே தொங்கிப்போயிருந்தது.

"இது நிறைய படம் எடுத்து, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குமாம். எல்லாப் படத்துலயும் ஒரே எடத்துல இருக்கிறது நட்சத்திரம். ஒரு படத்துல இருந்து அடுத்த படத்துல நகந்துட்டா, அது அழுக்குன்னு தள்ளிருமாம். வானத்துல இப்ப குப்பை அதிகமில்லா, படத்துல கோடு கோடா விழுதுன்னு போட்டோக்காரவுக கேட்டு வாங்குன வசதியாம்."

இது எனக்குப் புரிந்தது. எங்கள் இறால் கம்பெனியிலும் ஒரு மெஷின் இருக்கிறது. கூட்டத்தோடு நிறம் ஒத்துப்போகாத இறாலை ஊதித் தள்ளிவிடும். கீழே கிடக்கிற கூடையைப் போய்ப் பார்த்தால் அதில் பாதி நல்ல இறாலாக இருக்கும்.

"ஒண்ணு இல்லாததக் காட்டுது. ஒண்ணு இருக்கிறத மறைக்குது. ரெண்டுக்கும் நடுவுல ஒங்க கடையில எதுவுமே கெடையாதா?"

அண்ணாச்சி தயங்கினார். பிறகு எங்களைக் கீழே கூட்டிக்கொண்டு போய், பின்னறையில் துணி போர்த்திக் கிடந்த ஒன்றைக் காட்டினார். நீளமான வெள்ளைக் குழல். ஒரு முனையில் பெரிய லென்ஸ், மறுமுனையில் கண்ணை வைக்கிற சின்ன லென்ஸ். திரை கிடையாது. கீழே மோட்டார் வைத்த முக்காலியும் ஒரு ரிமோட்டும்.

"ரிஃப்ராக்டரும்பாங்க. ரெண்டு பக்கமும் லென்ஸ், நடுவுல வெறுங்குழாய். கம்ப்யூட்டர் காலுல மட்டும்தான். எங்கன திரும்பணும்னு அதுக்குத் தெரியும். ஒரு சின்னக் கேமராவ வெச்சுக்கிட்டு, ஓடுற பொருளுக்குப் பின்னாலயே ஓடும். இப்ப எங்கன பாக்கோம்னு நம்பரு காட்டும். என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லாது. அது ஒங்க கண்ணு பாடு."

"இத ஏன் மொதல்லயே காட்டல?"

"யாரும் கேக்க மாட்டாவம்மா. எல்லாம் சின்னதாத் தெரியும். வெளிச்சத்தச் சுத்தி லேசா ஊதா அடிக்கும். அழகாவே இருக்காது."

"ஊதாவோ பச்சையோ, இருக்கிறதுதானே தெரியும்?"

"இருக்கிறது மட்டும்தான் தெரியும்," என்றார் அண்ணாச்சி. ஏதோ குற்றத்தை ஒத்துக்கொள்கிற மாதிரி அதைச் சொன்னார்.

அதை எங்கள் வீட்டு மாடியில் நிறுத்துவதற்குள் உயிர் போய்விட்டது. அடுத்த நாள் பகலெல்லாம் அண்ணாச்சி போனில் சொல்லச் சொல்ல, இந்தத் திருகாணியா அந்தத் திருகாணியா என்று நாங்கள் அடித்துக்கொண்டோம். ஓடம் மறுநாள் காலையில் கிளம்புகிறது என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். மாலை மணி அடித்ததும் நிலாவையும் ஒரு பெரிய நட்சத்திரத்தையும் குழலுக்குக் காட்டித் திசை பழக்கினோம். மிதவையின் பெயரை ரிமோட்டில் தட்டியதும் குழல் தானாகவே தென்மேற்குப் பக்கம் திரும்பிக் காத்து நின்றது.

"நீ மொதல்ல பாரு," என்றேன். என் தைரியம் எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஜெனோவா கண்ணை வைத்தாள். மோட்டார் முனகத் தொடங்கியது. குழல் மெல்ல நகர்ந்தது.

"தெரியுதாட்டி?"

"தெரியுது."

"எப்படி இருக்கு?"

"முழுசா இருக்குக்கா. நல்லா இருக்கு." அவள் சட்டென்று விலகி, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் குனிந்து கண்ணை வைத்தேன். இருட்டில் ஒரு வெளிச்சம், ஓரத்தில் ஊதாப் பூச்சு. அசையாமல் நின்றது. மாதாவே என்று மூச்சு விட்டேன். அப்போது அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொரு வெளிச்சம் பிறந்தது. பளீரென்று எரிந்து, மங்கி, இல்லாமல் போய், மறுபடி எரிந்தது. தலைகுப்புறச் சுழல்கிற ஒன்று வெயில் படும்போது மட்டும் மின்னுகிறது என்று புரிந்துகொள்ள எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை. இரண்டுக்கும் நடுவில் குழாய் இல்லை. வெறும் இருட்டு.

முக்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏட்டி, ரெண்டு இருக்கு."

"பாத்தேன்க்கா."

"பெறகு எதுக்குப் பொய் சொன்ன?"

"ஒரு நிமிசம் ஒங்களுக்காவது முழுசா இருக்கட்டும்னு..."

அந்தத் திரைக்கும் உனக்கும் என்னடி வித்தியாசம் என்று திட்ட வாயெடுத்தேன். அவள் தாடை நடுங்கியதைப் பார்த்ததும் திட்டு வரவில்லை. அழுகைதான் வந்தது.

ரிமோட் கீச்சிட்டது. அதன் சின்னச் சட்டத்தில் எழுத்து ஓடியது. இரண்டு பொருள்கள் விலகிச் செல்கின்றன. எதைத் தொடர வேண்டும்? ஒன்றா, இரண்டா?

"அன்னைக்குப் பேச்சு நின்னப்ப யாரு தூங்குற நேரம்?" என்று கேட்டேன்.

"இவுகதான் தூங்கணும். அண்ணனுக்கு வேல. ஆனா அண்ணன் சீட்டுல தோத்துட்டு ஷிஃப்ட மாத்திக் குடுத்துருவாகன்னு இவுக சொல்லுவாவ."

சொன்னது அத்தனையும் உண்மை. கஸ்பார் சீட்டில் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை. அன்றைக்கு யார் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதற்கு அவர்கள் இருவரைத் தவிர சாட்சி இல்லை. எது படுக்கிற கூடு, எது வெட்டுகிற கூடு என்பதும் இந்தத் தூரத்தில் தெரியாது. மனசோ தன் வேலையைக் காட்டியது. அசையாமல் நிற்பதில் கஸ்பாரைத் தூக்கி உட்கார வைத்தது. அப்படி வைத்தால் சுழல்வதில் மிக்கேல் இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். தெரிந்தே வைத்தது. என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்த பெண்ணின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

"ஒண்ண அமுக்கட்டா, ரெண்ட அமுக்கட்டா? எனக்கு ஒண்ணும் ஓடல ஜெனோவா. நீயே சொல்லு."

அவள் மறுபடி ஒரு முறை குழலில் கண்ணை வைத்துப் பார்த்தாள். நிதானமாகத்தான் பேசினாள். "நிக்கிறது இருக்க வேண்டிய எடத்துலதான்க்கா இருக்கு. காலையில போற ஓடம் அதக் கண்டுபிடிச்சிரும். ஆடுறது விலகிப் போவுது. அத யாரு தேடுவா? அப்படி ஒண்ணு இருக்கிறதே யாருக்கும் தெரியாதுல்லா. அதப் பிடிங்க."

"அதுல யாரு இருக்கான்னு..."

"யாரு இருந்தா என்னக்கா?"

இரண்டை அமுக்கினேன். குழல் ஒரு சின்ன உதறலோடு திரும்பியது. நிலையாக நின்ற வெளிச்சம் ஓரமாக நகர்ந்து, ஊதாவாக நெளிந்து, வட்டத்தைவிட்டு வெளியே போனது. அதைப் போகவிட்டது என் நெஞ்சை அறுத்தது. எரிந்து எரிந்து அணைகிற அந்த மற்றது நடுவில் வந்து நின்றது. ரிமோட்டில் எண்கள் ஓடத் தொடங்கின.

ஜெனோவா அதற்குள் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள். எடுத்தவன் சின்னப் பையன்போலப் பேசினான், மரியாதையாகவே பேசினான்.

"மேடம், எங்க ஸ்கிரீன்ல மிதவை முழுசா இருக்கே."

"ஒங்க ஸ்கிரீன்ல என்னைக்கும் முழுசாத்தான் தம்பி இருக்கும். நான் கண்ணால பாக்கேன், ரெண்டாக் கெடக்கு. ஒண்ணு சுத்திக்கிட்டே விலகிப் போவுது. எங்கன போவுதுன்னு நம்பரு இருக்கு, சொல்லுதோம், ஓடத்துக்கு அனுப்புங்க," என்றேன் குழலில் கண்ணை வைத்தபடியே.

"சாரி மேடம். பொதுமக்கள் சொல்றத நாங்க ஓடத்துக்கு அனுப்ப முடியாது. உள்ள இருக்கறவரோட வீட்டுல இருந்து சொன்னாத்தான் எடுத்துக்குவோம். அதான் ரூல்."

"வீட்டுல இருந்துதான் பேசுதோம்."

"அப்ப சரி மேடம்." விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "நீங்க சொல்ற அந்தத் துண்டுல இருக்கறது உங்க வீட்டுக்காரரா?"

"ஆமா," என்றேன் நான்.

"ஆமா," என்றாள் ஜெனோவா.

இரண்டு ஆமாவும் ஒரே மூச்சில் வந்தன. மறுமுனையில் தட்டுகிற சத்தம் நின்றது.

"மேடம், ரெண்டு பேர் பேசுறீங்க. ரெண்டு பேருக்கும் எப்படி... யாரோட வீட்டுக்காரர் மேடம்?"

நான் குழலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஜெனோவா எண்களை வாசிக்க ஆரம்பித்தாள்.